மதுரை பாட்டில்

என் மேசை மேல் ஒரு வெள்ளைப் பீங்கான் ஓடு இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இரண்டு வரிசையில் ஆறு குழிகள், ஒரு மூலை உடைந்து போயிருக்கிறது. காலைக்கு இரண்டு, மத்தியானத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு மூன்று என்று என் மாத்திரைகளை மருமகள் அந்தக் குழிகளில் பிரித்து வைத்துவிட்டுப் போவாள். பணியாரச் சட்டி குட்டி போட்டிருக்கிறது என்று கேலி செய்வாள். நானும் சிரித்துவைப்பேன். அந்தக் குழிகளில் ஒரு காலத்தில் ரத்தம் இருந்தது என்று அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் மறுநாளே ஓடு குப்பைக்குப் போய்விடும். நாற்பது வருஷமாக நான் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் ஒரு மனிதர். அவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் வாளிக்காரன் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். 'அவர்' என்று எழுதுகிற மரியாதை எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். சின்னமனூரிலிருந்து கொஞ்சம் தள்ளிச் சாலையோரத்தில், வயலை ஒட்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. இன்று அந்தக் கட்டடமும் இல்லை, வயலும் இல்லை. அங்கே லேபரட்டரி என்று பெயர் எழுதிய ஒற்றை அறையில் நான் இருந்தேன். ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு மண்பானைத் தண்ணீர். மேகமலை எஸ்டேட்டிலிருந்தும் லோயர் கேம்ப் பக்கமிருந்தும் குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வருகிறவர்களின் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஏர் பிடிக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கிறான் என்பதில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது. ஊரில் என்னைப் பாதி டாக்டர் என்பார்கள். அந்தப் பாதியை நான் மறுத்ததில்லை.

எங்கள் டாக்டர் பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர். அடிபட்ட சிப்பாய்களுக்கு ரத்தம் ஏற்றிப் பழகியவர். இங்கேயும் அதைச் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவர் எழுதிப் போட்டதில் மதுரையிலிருந்து ரத்த குரூப் பார்க்கிற மருந்து ஊற்றிய இரண்டு சின்னக் குப்பிகள், ஐஸ் போட்ட பிளாஸ்கில் பஸ்ஸில் வந்து இறங்கின. ஒன்று ஏ, ஒன்று பி. அந்தப் பீங்கான் ஓட்டின் ஒரு குழியில் இதில் ஒரு சொட்டு, அடுத்த குழியில் அதில் ஒரு சொட்டு விட்டு, இரண்டிலும் ஆளின் ரத்தத்தைத் தொட்டுக் கலக்கி, ஓட்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். எந்தக் குழியில் ரத்தம் பால் திரிவது போலத் திரிகிறதோ அது அந்த ஆளின் குரூப். இரண்டிலும் திரியாமல் வழவழவென்று இருந்தால் ஓ குரூப். ஓ குரூப் ஆள் யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் ஓ குரூப் ஆளுக்கு இன்னொரு ஓ குரூப் ஆள்தான் கொடுக்க முடியும். இவ்வளவுதான் வித்தை. இதைத் தெரிந்துகொண்டதும் முழு டாக்டராகிவிட்டதாக எனக்கு நினைப்பு.

வித்தை வந்தது, ரத்தம் வரவில்லை. ரத்தம் வேண்டும் என்று டாக்டர் வாயெடுத்ததுமே, அதுவரை கட்டிலைச் சுற்றி அழுதுகொண்டிருந்த உறவுக்காரர்களில் பாதிப் பேர் வண்டிமாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விடுவார்கள். அதனால் டாக்டர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எல்லோரையும் சோதிக்கச் சொன்னார். ஓ குரூப்பாக இரண்டே பேர் தேறினார்கள். ஒருவர், காற்றடித்தால் விழுந்துவிடுவார் போலிருந்த ஒரு நர்ஸ். இன்னொருவர் வாளிக்காரர். பினாயில் வாளியும் விளக்குமாறுமாக வார்டுகளைக் கழுவுகிறவர், கக்கூஸ் அள்ளுகிறவர். முப்பது வயதிருக்கும். திடமான உடம்பு, நரம்பு கயிறு மாதிரி எழுந்து நிற்கும். அவர் என்ன சாதி என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்த வாளியை அந்தக் காலத்தில் யார் தூக்கினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் ரத்தம் என்று தெரிந்தால் நோயாளியின் வீட்டார் பாட்டிலை உடைத்துவிடுவார்கள், பிறகு அவர் கையையும் உடைப்பார்கள். டாக்டருக்கு அது தெரியும். அவர் கெட்டிக்காரர், நல்லவரும்கூட. யாருக்கும் தீங்கு வராமல் ஒரு வழி கண்டுபிடித்தார். வாளிக்காரர் பின்கட்டு அறையில் படுத்து ரத்தம் கொடுப்பார். கொடுத்ததும் ஒரு டம்ளர் பால், இரண்டு முட்டை. நான் பாட்டிலை வெள்ளைத் துணியில் சுற்றி, ட்ரேயில் வைத்து, முன்வாசல் வழியாக வார்டுக்குக் கொண்டுபோவேன். "மதுரையிலிருந்து வந்திருக்கு" என்பேன். ரிஜிஸ்தரில் கொடுத்தவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'மதுரை' என்று எழுதுவேன். மதுரை என்றால் ஒருவரும் மறு கேள்வி கேட்டதில்லை. மதுரையில் ஓடுகிற ரத்தமெல்லாம் தங்கள் சாதி ரத்தம் என்றே அவரவர் நினைத்துக்கொண்டார்கள் போலும்.

ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டு வாளிக்காரர் எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டு அதே வார்டுக்குப் போவார். மேலே அவருடைய ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கும். கீழே அவர் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர் மேல் பட்டுவிடாமல் நோயாளியின் சொந்தக்காரர்கள் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொள்வார்கள். அப்போது நான் டாக்டரைப் பார்ப்பேன், டாக்டர் என்னைப் பார்ப்பார், உள்ளுக்குள் சிரித்துக்கொள்வோம். ஊரை ஏமாற்றி நல்லது செய்கிற சந்தோஷம் எங்களுக்கு. வாளிக்காரர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் கட்டிலில் இருக்கிறவரின் முகத்தைப் பார்ப்பார். வெளுத்திருந்த உதட்டில் நிறம் ஏறுகிறதா என்று பார்ப்பார். அது தெரிந்த பிறகுதான் அடுத்த கட்டிலுக்கு நகர்வார்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஒரு நாள் காலையில் அவர் லேபரட்டரி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார், நிலைப்படிக்கு வெளியேதான் நிற்பார்.

"சாமி, ஒரு சங்கதி கேக்கணும்" என்றார்.

"என்னப்பா?"

"மூணாங் கட்டில்ல கெடந்தாகள்ல, வண்டி ஏறுன சம்சாரி, அவுக செத்துப் போனாகளாம். மஞ்சக்காமாலையாம். எட்டாங் கட்டிலு அம்மாவும் காமாலைன்னு போன மாசம் திரும்பி வந்து கெடந்தாக. ரெண்டு பேருக்கும் நாந்தான குடுத்தேன்."

"காமாலை ஊரு பூராந்தான் இருக்கு. வாய்க்கால் தண்ணியக் குடிச்சா வரத்தான செய்யும்."

"வருதுதான் சாமி. ஆனா எனக்கு மனசு கேக்கல. எங்கிட்ட எதும் இருந்தா சொல்லிருங்க, நான் குடுக்கல."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் அவர் விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். மலேரியா இல்லை. ஓட்டிலும் விட்டுப் பார்த்தேன். இரண்டு குழியிலும் திரியவில்லை. "சுத்தமான ரத்தம்ப்பா" என்றேன். அவர் வாசலிலிருந்தே கழுத்தை நீட்டி ஓட்டைப் பார்த்தார். "அந்த ஓட்டுல காமாலையும் தெரியுமா சாமி?" என்று கேட்டார். அதில் குரூப்பைத் தவிர வேறு ஒரு மண்ணும் தெரியாது. உலகத்தில் எந்த லேபரட்டரியிலும் அதைப் பார்க்க அன்று வழி இல்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாளி தூக்குகிறவரிடம் பாதி டாக்டர் அதை எப்படிச் சொல்வது? "எல்லாந் தெரியும், நீ போ" என்றேன். அவர் நம்பினார். இந்த விஷயத்தை நான் டாக்டரிடம் சொல்லவும் இல்லை, சொல்ல அதில் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவும் இல்லை.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் என் தங்கையை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வீட்டிலேயே பிரசவமாகிப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அதற்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. வண்டியில் விரித்திருந்த ஜமுக்காளத்தைப் பிழிந்தால் சொட்டும். டாக்டர் போக்கை நிறுத்தினார். ஆனால் உடம்பில் ரத்தம் மிச்சமில்லை, அரை மணிக்குள் ஏற்ற வேண்டும் என்றார். அவள் விரலைக் குத்தினால் ரத்தம் வர மறுத்தது. ஓட்டில் விட்டுப் பார்த்தேன், ஓ குரூப். நான் ஏ. என் ரத்தம் அவளுக்கு ஆகாது. வாசலில் நின்ற மாப்பிள்ளை, அதாவது அவள் புருஷன், கேட்காமலே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அவருடைய ரத்தத்தையும் விட்டுப் பார்த்தேன். இரண்டு குழியிலும் திரியவில்லை. தங்கையின் ரத்தத்தில் மேலே தெளிகிற நீரான சீரத்தோடு கலந்தும் பார்த்தேன், திரியாமல் சேர்ந்தது. நான் தலை நிமிர்வதற்குள் அவருடைய ஆத்தா அங்கே வந்துவிட்டார்.

"ஏலே, கைய எறக்கு" என்றார் மகனிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "புருசன் ரத்தம் பொண்டாட்டி ஒடம்புல ஏறுனா ரெண்டு பேரும் ஒரே ரத்தம் ஆயிருவாக. அண்ணன் தங்கச்சி ஆயிருவாக. பெறகு எப்பிடிக் குடும்பம் நடத்துறது? பொறந்த வீட்டு ரத்தத்தக் குடுங்க. நீங்கதான இருக்கீக, கூடப் பொறந்தவுக."

இதைக் கேட்டு இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்று அது சிரிக்கிற பேச்சில்லை. மாமன் மச்சான் முறையில்தான் பெண் கொடுப்பதும் எடுப்பதும், பங்காளி ரத்தத்தில் கல்யாணம் கிடையாது. அந்த அம்மாள் பேசியது அவருக்குத் தெரிந்த நியாயம். நான் அதை உடைத்துப் பேசியிருக்க வேண்டும். ஆனால் நான் பெண் கொடுத்த வீட்டுக்காரன். சம்பந்தி அம்மாளை எதிர்த்து, அதுவும் மகன் முன்னால், வாய் திறக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எதிர்த்துப் பேசினால் நாளைக்கு அதன் பலனை அனுபவிக்கப் போகிறவள் தங்கை என்றும் நினைத்தேன். நேரமும் போய்க்கொண்டிருந்தது. எல்லோருடைய மானமும் காப்பாற்றப்படுகிற மாதிரி ஒரு பொய் என் வாயில் தயாராக இருந்தது. "மாப்பிள்ளை ரத்தம் சேரல. எனக்கும் சேரல. மதுரை பாட்டில் ஒண்ணு இருக்கு, அதப் போட்டுருவோம்" என்றேன். மாப்பிள்ளை சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார். "அதப் போடுங்க, அதுல ஒண்ணும் இல்ல" என்றார் அந்த அம்மாள்.

வாளிக்காரர் பின்பக்கம் சாக்கடை கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். "தங்கச்சிக்கா சாமி?" என்றார். ஆமாம் என்றேன். அவர் உடனே நகரவில்லை. "அன்னைக்குப் பாத்தது சரிதான?" என்று கேட்டார். மூன்றாம் கட்டிலும் எட்டாம் கட்டிலும் ஒரு கணம் எனக்கு ஞாபகம் வந்தன. வரவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். "சரிதாம்ப்பா, வா" என்றேன். அவர் கை கழுவிவிட்டு வந்து படுத்தார்.

தங்கை பிழைத்தாள். மாலைக்குள் உதட்டில் நிறம் ஏறியது, குழந்தையைக் கேட்டாள். அன்று வாளிக்காரரின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. வராந்தாவில் ஆட்கள் இருந்தார்கள். சொல்லவில்லை.

மூன்றாவது மாதம் அவளுக்குக் கண் மஞ்சளித்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், எனக்குச் சொல்லி அனுப்பியபோது அவள் ஆளையே அடையாளம் தெரியாமல் உளறிக்கொண்டிருந்தாள். அதே வண்டியில், அதே ஜமுக்காளத்தில் கொண்டுவந்தார்கள். இறக்கும்போது வாளிக்காரர் வராந்தாவில் இருந்தார். அவள் கண்ணைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் முற்பகலில் தங்கை போய்விட்டாள். அவளுக்கு இருபது வயது. நன்றாகப் பாடுவாள், என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள், பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியபோது மூன்று நாள் சாப்பிடவில்லை. அவளைப் பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடிகிறது. இதற்கு மேல் எழுதினால் கை ஓடாது.

பதினாறு கழிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்றே அவர் வாசலில் வந்து நின்றார். விரலை நீட்டிக்கொண்டே வந்தார். "இன்னொரு தடவ பாருங்க சாமி" என்றார். குப்பிகளில் சில சொட்டுக்கள்தான் மிச்சம் இருந்தன. பார்த்தேன். அன்றும் திரியவில்லை. முன்பு இருந்த மாதிரியே வழவழவென்று, குற்றம் சொல்ல முடியாத ரத்தமாக இருந்தது. "என்ன சொல்லுது?" என்று கேட்டார். அந்த நேரத்தில் எனக்கு உண்மை தெரிந்துவிட்டிருந்தது. ஓட்டுக்கு ஒன்றும் தெரியாது, எனக்கும் தெரியாது என்பதே அந்த உண்மை. அதைச் சொன்னால் என் தங்கையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று ஆகிவிடும். "சுத்தமாத்தான் இருக்கு" என்றேன். அவருக்காகச் சொல்லவில்லை, எனக்காகச் சொன்னேன்.

அவர் விரலை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டார். தரையைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார். "மூணாங் கட்டிலு சம்சாரி. எட்டாங் கட்டிலு அம்மா. பொம்பள வார்டுல சன்னலோரம் கெடந்த எஸ்டேட்டுப் புள்ள. ஆம்பள வார்டு மூலைக் கட்டில்ல ஒரு செட்டியாரு, அவுகளுக்குக் காமாலை வந்து தெளிஞ்சிருச்சு. இப்பத் தங்கச்சி." கட்டிலும் ஆளும் ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் போன பிறகு நான் ரிஜிஸ்தரை எடுத்துப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் என் அழகான கையெழுத்தில் மதுரை, மதுரை என்றே இருந்தது. யார் யாருக்கு எவர் ரத்தம் போனது என்று தெரிந்துகொள்ள அந்தப் புத்தகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. டாக்டர் அதைப் பார்த்து எதையாவது கண்டுபிடித்திருக்கவும் வழியில்லை. உண்மையான ரிஜிஸ்தர் வாளியைத் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாகப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் மேகமலையிலிருந்து மரம் விழுந்து நசுங்கிய ஆளைக் கொண்டுவந்தார்கள். நான் பின்பக்கம் ஓடினேன். வாளி கவிழ்த்து வைத்திருந்தது, அடி காய்ந்திருந்தது. வாளிக்காரர் பெண்டாட்டியோடு வருசநாட்டுப் பக்கம் அவளுடைய ஆட்களிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். நசுங்கிய ஆள் ரத்தமில்லாமல் செத்தான். ஏன் ஓடிப்போனான் என்று டாக்டர் கேட்டார், தெரியாது என்றேன். இரண்டு வருஷம் கழித்து வாளிக்காரருடைய மச்சினன் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தபோது விசாரித்தேன். வயிறு வீங்கி, கை கால் குச்சியாகி இறந்துபோனாராம். கடைசிவரை யாருக்கும் எச்சில் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டாராம், பெற்ற பிள்ளைகளைத் தொட்டுத் தூக்கமாட்டாராம்.

போன வருஷம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். அதற்கு முன்னால் தேனியில் ஒரு லேபரட்டரியில் ரத்தம் எடுத்தார்கள். எடுத்த பெண்ணுக்கு என் பேத்தி வயதிருக்கும். நானும் இந்த வேலை பார்த்தவன் என்று சொன்னதும் சந்தோஷமாக எல்லாவற்றையும் காட்டினாள். ஒரு பெட்டியைக் காட்டி, "இது காமாலைக் கிருமிக்கு தாத்தா. ரத்தம் குடுக்க வர்றவுகளுக்கும் இதப் பாத்துட்டுத்தான் எடுப்போம். சில பேரு கல்லு மாதிரி இருப்பாக, உள்ள கிருமி வருசக்கணக்கா இருக்கும். அவுகளுக்கே தெரியாது" என்றாள். "ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்துச்சும்மா" என்றேன். அவள் புரியாமல் சிரித்துவிட்டு என் கையில் பஞ்சை வைத்து மடக்கினாள். வீட்டுக்கு வந்து ஓட்டைத் திருப்பினேன். பின்பக்கம் பளபளப்பு கிடையாது, பென்சில் பிடிக்கும். அங்கே அவருடைய பெயரை எழுதினேன். ரிஜிஸ்தரில் எழுதியிருக்க வேண்டிய பெயர். இங்கே அதை எழுதப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள்.

ஆபரேஷன் முடிந்து நான் வீட்டில் படுத்திருந்தபோது மாப்பிள்ளை பார்க்க வந்தார். தங்கைக்குப் பிறகு அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார். பேசிக்கொண்டே மேசையிலிருந்த ஓட்டைத் தள்ளிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை வைக்கப் போனார். கை தவறி மாத்திரைகள் கீழே கொட்டின. ஓட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது யாரு பேரு மச்சான்?" என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன். மதுரை பாட்டில் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வாளியைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகம் மாறும், எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை. அவர் கேட்டது வேறு.

"அன்னைக்கு எனக்கும் இந்த ஓட்டுலதான பாத்தீக?"

"ஆமா மாப்ள."

"சேரலன்னீக."

"சேந்துச்சு."

அவர் தன்னுடைய வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் குடுத்திருந்தா இருந்திருப்பாளா?" என்றார்.

"தெரியாது மாப்ள" என்றேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நிலைப்படியில் நின்ற மனிதரிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

மாப்பிள்ளை குனிந்து மாத்திரைகளைப் பொறுக்கி ஓட்டின் குழிகளில் ஒவ்வொன்றாக வைத்தார். எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.